காபிள் அழைப்பு (வான்கோழி வேட்டை)

காபிள் அழைப்பு என்பது வட அமெரிக்காவின் காட்டு வான்கோழி வேட்டையில், ஆண் வான்கோழியின் கத்தலைப் போலவே ஒலி எழுப்பி மற்றோர் ஆண் பறவையைப் பதில் கத்த வைக்கவோ அருகில் வரவழைக்கவோ வேட்டைக்காரர்கள் கையாளும் முறையாகும். ஆண் வான்கோழியின் கொளகொளவென்று உருண்டு வரும் முழக்கத்திற்கு ஆங்கிலத்தில் 'காபிள்' என்று பெயர். முழங்கும் பறவையையே 'காபிளர்' என்று அழைப்பதும் உண்டு. இவ்வேட்டையில் பயன்படும் மற்ற அழைப்புகளில் பெரும்பாலானவை பெட்டையின் குரலைப் போலச் செய்பவை. காபிள் அழைப்பு ஆண் பறவையின் போட்டி உணர்வைத் தூண்டுகிறது. வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிகளில் அதிக எச்சரிக்கையுடன் பேசப்படும் அழைப்பும் இதுவே. காட்டில் துப்பாக்கியுடன் காத்திருக்கும் மற்றவர்களும் இதே ஒலியைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள்.

பறவையும் அதன் முழக்கமும்

காட்டு வான்கோழியின் அறிவியல் பெயர் மெலியாகிரிஸ் கேலோபாவோ. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் மெக்சிகோவிலும் கனடாவின் தென்பகுதிகளிலும் இது வாழ்கிறது. வளர்ந்த ஆண் பறவை பொதுவாக 7 முதல் 11 கிலோ எடை இருக்கும். பெட்டை அதில் பாதியளவே. ஆணின் தலையில் மயிரோ இறகோ இருக்காது. உணர்ச்சிக்கு ஏற்ப அத்தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் மாறும். மார்பிலிருந்து குதிரை மயிர் போன்ற கற்றை ஒன்று தொங்கும்; இதைத் 'தாடி' என்பார்கள். ஓராண்டு வயதுள்ள இளம் ஆணுக்கு 'ஜேக்' என்று பெயர்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளர்க்கப்படும் வான்கோழியும் இதே இனமே. மெக்சிகோவில் பழங்குடி மக்கள் பழக்கிய துணையினம் ஐரோப்பா வழியாக உலகெங்கும் பரவியது. வீட்டு வாசலில் நிற்கும் வான்கோழிக்கு எதிரே யாராவது சீட்டி அடித்தாலோ வண்டி ஹாரன் அடித்தாலோ அது உடனே கழுத்தை நீட்டிக் கத்துவதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். காட்டுப் பறவைக்கும் இந்தக் குணம் உண்டு. இடி, காகம் கரைதல், ஆந்தை அலறல், காரின் கதவு அறைந்து சாத்தப்படும் ஓசை என எதிர்பாராத உரத்த ஒலி எதுவானாலும் தன்னையறியாமல் ஒரு முழக்கத்தை வெளியிட்டுவிடும். வேட்டைக்காரர்கள் இதை 'அதிர்ச்சி முழக்கம்' என்பார்கள்.

இயல்பான முழக்கத்தின் வேலை வேறு. வான்கோழிகள் இரவில் உயரமான மரங்களில் அடைகின்றன. வசந்த காலத்தில், விடிவதற்குச் சற்று முன்பு, ஆண் பறவை அடைந்த கிளையிலிருந்தே முழங்கத் தொடங்கும். காற்றில்லாத காலையில் அது ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அம்முழக்கம் பெட்டைகளுக்குத் தன் இருப்பிடத்தைச் சொல்கிறது. மற்ற ஆண்களுக்கும் அதையே சொல்கிறது. தரையிறங்கிய பின் ஆண் பறவை வாலை விசிறி போல் விரித்து, இறக்கைகளைத் தரையில் உரசியபடி உடலைச் சிலிர்த்துக்கொண்டு நடை போடும். பெட்டை அதைத் தேடி வந்து சேரும். முட்டையிடுவது, அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் பெட்டையின் பொறுப்பு. பெட்டை ஏறத்தாழ 28 நாள் அடைகாக்கும். அதில் ஆணுக்குப் பங்கில்லை.

ஆண் பறவைகளுக்குள் கண்டிப்பான படிநிலை உண்டு. கலிபோர்னியாவின் ஹேஸ்டிங்ஸ் இயற்கைக் காப்பகத்தில் ஆலன் கிராகவர் என்ற உயிரியலாளர் செய்த ஆய்வு 2005இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. அங்கே ஆண்கள் குழுவாகச் சேர்ந்து பெட்டைகளின் முன் ஆடுகின்றன. ஆனால் இணை சேர்வது குழுவின் தலைமைச் சேவல் மட்டுமே. உடன் ஆடும் மற்றவை அதன் நெருங்கிய உறவுகள் என்று மரபணுச் சோதனை காட்டியது. இந்தப் படிநிலையைப் புரிந்துகொள்ளாமல் காபிள் அழைப்பு ஏன் ஒருநாள் பலிக்கிறது, மறுநாள் பறவையை விரட்டிவிடுகிறது என்பது விளங்காது.

எதிர்த்திசையில் ஓர் அழைப்பு

வசந்த கால வேட்டை பெரும்பாலும் ஆண் பறவைகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. வேட்டைக்காரர் உருமறைப்பு உடையில் ஒரு மரத்தடியில் அசையாமல் அமர்ந்து, பெட்டையின் குரலை எழுப்புவார். 'யெல்ப்' எனப்படும் விட்டு விட்டு வரும் கூப்பாடு, 'கிளக்' எனப்படும் ஒற்றைச் சொடுக்கு, 'பர்' எனப்படும் மென்மையான உறுமல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. சிதறு ரவைகளைச் சுடும் ஷாட்கன்தான் வழக்கமான ஆயுதம். பறவை 35 மீட்டர் அளவுக்கு நெருங்கி வந்தால்தான் சுடுவது முறை. வான்கோழியின் கண்களோ தலையின் இரு பக்கமும் அமைந்து ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கக்கூடியவை. ஒரு விரல் அசைந்தாலும் கண்டுகொள்ளும்.

இதிலுள்ள சிக்கல் எளிதில் புலப்படும். இயற்கையில் ஆண் முழங்க, பெட்டை நடந்து வர வேண்டும். வேட்டைக்காரரோ பெட்டையின் குரலில் பேசி ஆணை நடக்கச் சொல்கிறார். அனுபவமுள்ள சேவல் பாதி வழி வந்து, அறுபது எழுபது மீட்டர் தொலைவில் நின்றுவிடும். வாலை விரித்து ஆடிக்கொண்டே, இனி மீதி வழியைப் பெட்டைதான் நடக்க வேண்டும் என்பது போல் காத்திருக்கும். பெட்டை வரவில்லை என்றால் திரும்பிப் போய்விடும். ஏற்கெனவே இரண்டு மூன்று பெட்டைகளுடன் இருக்கும் சேவல் அந்தப் பாதி வழியும் வராது. கையில் இருப்பதை விட்டுவிட்டு எங்கோ கேட்கும் குரலைத் தேடிப் போக அதற்குக் காரணமில்லை.

காபிள் அழைப்பு நினைவுக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டு நிலைகளில்தான். பெட்டையின் யெல்ப் ஒலிகளுக்கு நடுவே ஓர் ஆணின் முழக்கத்தையும் கேட்க வைத்தால், வேறொருவன் அந்தப் பெட்டையை அடைந்துவிட்டான் என்ற காட்சி தலைமைச் சேவலின் காதில் உருவாகிறது. தன் எல்லைக்குள் தன்னை மதிக்காத ஒருவன் நிற்பதைப் பொறுக்காமல் அது தலையைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக வந்துவிடக்கூடும். நிற்கும் சேவலுக்கு முழக்கத்தால் பதில் சொல்வதும் அதை எரிச்சலூட்டித் தொடர்ந்து நடக்க வைக்கலாம்.

ஆனால் கேட்பது தலைமைச் சேவலா என்று மரத்தடியில் இருப்பவருக்குத் தெரியாது. அந்தப் பருவத்தில் ஏற்கெனவே அடிபட்டு ஒதுங்கிய சேவலாக இருந்தால், உரத்த முழக்கம் அதற்கு இன்னோர் உதைக்கான அறிவிப்பு. வாயை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்துவிடும். இதனால்தான் சிலர் முதிர்ந்த சேவலின் முழுக் குரலைத் தவிர்த்து, ஜேக்கின் குரலைப் போலச் செய்வார்கள். ஜேக்கின் முழக்கம் குட்டையானது. குரல் உடையும் வயதுச் சிறுவனின் பேச்சைப் போல நடுவில் பிசிறும். இரண்டு வயதுச் சேவலும் ஒரு ஜேக்கை விரட்டத் துணியும். ஒரே முழக்கம் எழுப்பிவிட்டு வெகுநேரம் மௌனமாக இருப்பதே பொதுவான அறிவுரை. ஓயாமல் முழங்கினால் பெரும்பாலும் பறவை விலகிவிடும்.

இடம் அறிவதற்கும் காபிள் அழைப்பு பயன்படுகிறது. அந்தி நேரத்தில், பறவைகள் மரமேறிய பின் ஒருமுறை முழங்கினால் எங்கிருந்தாவது பதில் வரலாம். மறுநாள் விடியுமுன் எந்த மரத்தை நோக்கி நடக்க வேண்டும் என்பது அதனால் தெரியும். ஆனால் இந்த வேலைக்கு ஆந்தையின் அலறலும் காகத்தின் கரைதலுமே போதும். பெரும்பாலோர் அவற்றையே பயன்படுத்துகிறார்கள். ஆந்தையைப் போல் கத்துபவரை யாரும் வான்கோழி என்று எண்ணிச் சுட வரமாட்டார்கள் என்பது அதிலுள்ள கூடுதல் நன்மை.

கருவிகள்

பெட்டைக் குரலுக்கான கருவிகள் பல. பழங்குடி மக்களின் காலத்திலிருந்தே, வான்கோழியின் இறக்கை எலும்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்த ஊதி வழக்கத்தில் உள்ளது. காற்றை உள்ளிழுத்து அதை ஒலிக்கச் செய்வார்கள். மரப்பெட்டியின் விளிம்பில் மூடியை உரசி ஒலி எழுப்பும் 'பெட்டி அழைப்பானு'க்கு ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை பெற்றார். கற்பலகையில் குச்சியை உரசுவது, வாயின் மேலண்ணத்தில் வைத்து ஊதும் மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஆகியவையும் உண்டு. இத்தகைய வேட்டை முறைகளை விளக்கும் 'தி வைல்ட் டர்க்கி அண்ட் இட்ஸ் ஹண்டிங்' என்ற நூலை எட்வர்ட் மெக்கில்ஹென்னி 1914இல் வெளியிட்டார். அதற்கு அடிப்படை சார்லஸ் ஜோர்டன் என்பவர் விட்டுச் சென்ற குறிப்புகள்.

முழக்கத்தை எழுப்புவது இவற்றைவிடக் கடினம். பெட்டி அழைப்பானின் மூடியை ஒரு ரப்பர் வளையத்தால் பெட்டியோடு பிணைத்து, கையில் பிடித்து வேகமாகக் குலுக்கினால் மூடி இரு பக்கமும் மாறி மாறி உரசி, ஓரளவு முழக்கம் போன்ற ஒலி வரும். துருத்தி போன்ற ரப்பர்க் குழாயைக் குலுக்கி ஒலி எழுப்பும் கருவி, காபிள் அழைப்புக்கென்றே செய்யப்படுவது. புதியவர்களும் எளிதில் கையாளலாம். சவ்வு கட்டிய குழாயை ஊதுவதும், நாக்கையும் தொண்டையையும் மட்டும் கொண்டு முழங்குவதும் பயிற்சியில் வருபவை. அழைப்புப் போட்டி மேடைகளில் இத்தகைய முழக்கங்களைக் கேட்கலாம்.

ஆபத்து

வான்கோழி வேட்டையில் மனிதர்கள் சுடப்படும் விபத்துகளுக்குப் பின்னால் ஒரே மாதிரியான சூழ்நிலை திரும்பத் திரும்ப இருக்கிறது. நேரம் விடியற்காலை; வெளிச்சம் குறைவு. ஆட்கள் தலை முதல் கால் வரை உருமறைப்பு உடையில் இருக்கிறார்கள். மான் வேட்டையில் பல மாநிலங்கள் கட்டாயமாக்கியுள்ள பளிச்சிடும் ஆரஞ்சு உடை வசந்த கால வான்கோழி வேட்டையில் பெரும்பாலும் கட்டாயமில்லை. பறவைக்கு நிறம் தெரியும் என்பதே காரணம். அப்படி ஒளிந்திருப்பவர்கள் வான்கோழியைப் போலவே ஒலி எழுப்புகிறார்கள். முன்னால் ஒரு பொம்மை வான்கோழியும் நிற்கலாம்.

இந்தச் சூழ்நிலையில் பெட்டைக் குரல் எழுப்புபவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. மற்ற வேட்டைக்காரர்களுக்குப் பெட்டை தேவையில்லை. காபிள் அழைப்பை எடுப்பவர் அந்தப் பாதுகாப்பைத் தானே கழற்றி வைக்கிறார். முந்நூறு மீட்டர் தொலைவில் இருக்கும் இன்னொருவர் அதைக் கேட்டு, அது உண்மையான சேவல் என்று நம்பி, மெல்லப் பதுங்கி நெருங்கத் தொடங்குகிறார். இரண்டு பேருக்கும் மற்றவர் அங்கே இருப்பது தெரியாது.

பதுங்கி வருபவரின் மனநிலையை வேட்டைப் பயிற்சியாளர்கள் தனியாக எடுத்துப் பேசுவார்கள். பல நாள் காத்திருப்பு, அதிகாலைக் குளிர், இப்போதுதான் காதருகே கேட்ட முழக்கம் எல்லாம் சேர்ந்து, காண விரும்புவதையே கண் காணத் தயாராகிவிடுகிறது. புதரின் பின்னால் ஒரு சிவப்புக் கைக்குட்டை அசைந்தால் அது சேவலின் தலை. ஒரு கறுப்பு நிழல் நகர்ந்தால் அது உடல். முழுதாகப் பார்க்குமுன்பே மனம் முடிவெடுத்து, விரல் விசையை அழுத்திவிடுகிறது. சுட்டவர் பின்னர், தான் பறவையைத் தெளிவாகப் பார்த்ததாகவே உறுதியாக நம்புவதும் உண்டு. அவர் பொய் சொல்கிறார் என்று எண்ணிவிட முடியாது.

பாதுகாப்பு விதிகள் இதையொட்டியே அமைந்தவை. சிவப்பு, வெள்ளை, நீலம், கறுப்பு நிறங்களை உடலில் எங்கும் அணியக் கூடாது. காலுறையும் கைக்குட்டையும்கூட இதில் அடங்கும். தோள்களைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். பின்னாலிருந்து வரும் ரவையை அது தடுக்கும். காபிள் ஒலியை நோக்கிப் பதுங்கிச் செல்லக் கூடாது. பறவையின் தாடி வரை தெளிவாகத் தெரியாமல் சுடக் கூடாது. சுட்ட பறவையைத் தூக்கிச் செல்லும்போது ஆரஞ்சுத் துணியால் முழுதும் மூட வேண்டும். வேறோர் ஆள் நெருங்குவதைக் கண்டால் கையசைக்கவோ எழுந்து நிற்கவோ வான்கோழி ஒலியால் எச்சரிக்கவோ கூடாது. அசையாமல் இருந்தபடியே மனிதக் குரலில் உரக்கக் கத்த வேண்டும். அன்றைய வேட்டை அதோடு கெட்டுப்போகும்தான்.

காபிள் அழைப்பைப் பொறுத்தவரை விதி இன்னும் சுருக்கமானது: யார் வேண்டுமானாலும் வரக்கூடிய அரசுக் காடுகளில் அதை எடுக்காமல் இருப்பதே நல்லது. வேலியிட்ட தனியார் நிலத்தில், அன்று உள்ளே இருப்பவர் யார் யார் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே பயன்படுத்தலாம். அங்கும் அத்துமீறி நுழைபவர்கள் உண்டு என்பதால் முழு உறுதி என்று எதுவுமில்லை. சேவலின் விரிந்த வாலைக் கையில் பிடித்து, அதன் பின்னால் ஒளிந்தபடி தவழ்ந்து செல்லும் முறை ஒன்று அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. அதோடு காபிள் அழைப்பும் சேர்ந்தால், கேட்பதற்கும் பார்ப்பதற்கும் மனிதன் முழுமையாக வான்கோழியாகிவிடுகிறான். இதைவிட ஆபத்தான வேடம் அந்தக் காட்டில் இருக்க முடியாது.

சட்டங்கள்

அமெரிக்காவில் வேட்டை விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுக்கிறது. வாயாலும் கையாலும் இயக்கும் அழைப்பான்கள் பொதுவாக அனுமதிக்கப்பட்டவை; பதிவு செய்த ஒலியை ஒலிபரப்பும் மின்னணுக் கருவிகளைப் பெரும்பாலான மாநிலங்கள் வான்கோழி வேட்டையில் தடை செய்துள்ளன. பென்சில்வேனியாவில் வசந்த காலத்தில் அழைத்து வரவழைத்துத்தான் வேட்டையாட வேண்டும். பறவையைப் பதுங்கித் தொடர்வது குற்றம். சில மாநிலங்களில் நண்பகலுடன் அன்றைய வேட்டை முடிந்துவிட வேண்டும். அலபாமா 2022 வசந்த காலத்திலிருந்து, பருவத்தின் முதல் 10 நாட்களுக்குப் பொம்மைப் பறவைகளைத் தடை செய்தது.

இலையுதிர் காலத்திலும் பல மாநிலங்களில் வேட்டை உண்டு. அப்போது இனப்பெருக்கத் துடிப்பு அடங்கியிருக்கும், முழக்கமும் அரிது. கூட்டத்தைக் கலைத்துவிட்டு, தாயைத் தேடும் இளம் பறவையின் 'கீ-கீ' ஒலியை எழுப்பி வரவழைப்பதே அப்போதைய வழக்கம்.

மீண்டு வந்த பறவை, குறையும் முழக்கம்

ஐரோப்பியர் குடியேறிய பின் காடழிப்பாலும் சந்தைக்கான கட்டற்ற வேட்டையாலும் வான்கோழி பல மாநிலங்களில் முற்றிலும் அழிந்தது. மாசசூசெட்சில் கடைசிப் பறவை 1851இல் கொல்லப்பட்டது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியை வனவிலங்கு மீட்புக்கு ஒதுக்கியது. பண்ணையில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், அவை பிழைக்கவில்லை. பீரங்கி போல் வெடித்து விரியும் வலைகளால் காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு காடுகளில் குடியேற்றிய பிறகுதான் பலன் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து கொண்டுவரப்பட்ட 37 பறவைகளின் வழிவந்தவை இன்று மாசசூசெட்சு முழுவதும் உலவுகின்றன. தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு 1973இல் தொடங்கப்பட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் மொத்த எண்ணிக்கை 70 லட்சத்தை நெருங்கியது.

அதன் பிறகு, குறிப்பாகத் தென்கிழக்கு மாநிலங்களில், எண்ணிக்கை மீண்டும் சரிந்து வருகிறது. அங்குள்ள காடுகளில் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தி ஆய்வாளர்கள் முழக்கங்களை எண்ணினார்கள். வேட்டை நடக்கும் இடங்களில், பருவம் தொடங்கியதும் முழக்கம் குறைந்துவிடுவது பதிவுகளில் தெரிந்தது. அதிகம் முழங்கும் சேவல்கள் முதலில் சுடப்படுவதும், தப்பியவை மனித நடமாட்டத்தை உணர்ந்து வாயடைத்துப் போவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. பெட்டைகள் போதிய அளவு இணை சேர்ந்து முட்டையிடும் முன்பே தலைமைச் சேவல்கள் அகற்றப்பட்டால் இனப்பெருக்கம் பாதிக்கப்படுமா என்ற கேள்வியும் இதனால் எழுந்தது. அலபாமா தன் வசந்த பருவத்தின் தொடக்கத்தை மார்ச் பிற்பகுதிக்குத் தள்ளிவைத்து, ஒருவர் சுடக்கூடிய பறவைகளின் எண்ணிக்கையையும் 5இலிருந்து 4ஆகக் குறைத்தது.